ஏன்தோரில் எழுந்து வந்தவர் யார்?

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென இறந்துவிட்டால், யாருக்கு எவ்வளவு கடன் என்று கேட்கவாவது குறிசொல்பவரிடம் போகலாமா என்று மனம் தவிக்கும். நம் காஞ்சிபுரத்திலும் இது நடக்கிறது.

சவுல் அரசரும் அப்படித்தான் போனார் (1 சாமு 28). குறிசொல்பவர்களை நாட்டைவிட்டுத் துரத்தியவரே, பெலிஸ்தியருக்குப் பயந்து, இரவில் மாறுவேடத்தில் ஏன்தோருக்குப் போய், இறந்த சாமுவேலை எழுப்பச் சொல்கிறார். வந்தது யார்? அலகையின் ஏமாற்று என்றார் நீசா நகரப் புனித கிரகோரியார். சாமுவேலேதான் என்றார் ஓரிஜன். புனித அகுஸ்தினார் முதலில் இரண்டுக்கும் இடம் வைத்தார். பின்னர் சீராக்கின் ஞானம் 46:20ஐக் கவனித்துச் சாமுவேல் பக்கம் சாய்ந்தார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சாமுவேலைக் கண்டதும் அந்தப் பெண்ணே அலறுகிறாரே! தன் மந்திரத்தால் வரவழைத்திருந்தால் அலறுவானேன்? கடவுள் அனுமதித்தார், அவர் வந்தார்.

சவுலுக்குக் கிடைத்ததோ, சாமுவேல் உயிரோடிருந்தபோது சொன்ன அதே பதில்தான். கூடவே மறுநாள் சாவு. ஆறுதலாக ஒரு சொல்லும் இல்லை. (அன்றிரவு அவருக்குச் சமைத்துப் போட்டது அந்தப் பெண்தான்.)

இறந்தோரை எழுப்பிக் குறி கேட்பதை மறைக்கல்வி நூல், எண் 2116, விலக்குகிறது. அதனால் அப்பாவோடு உறவு அறுந்துவிடவில்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். கடன் விவரத்தை, அவருக்குப் பாவு கொடுத்த முதலாளியிடமும் கூட்டுறவுச் சங்கத்திலும் கேளுங்கள்.