வாள் அலகின் இறுக்கம்

2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர், வன்னியில் வீடுகளும் கோயில்களும் மீண்டும் எழலாயின. அவற்றோடு தச்சருக்கும் வேலை பெருகியது. வவுனியா நகரை அடுத்த நெளுக்குளத்தில் ஒரு தச்சர், சுவாமி அறைக் கதவிற்கென முதிரைப் பலகையில் மயில் ஒன்றை வெட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். முதிரையை வெட்டுவதும் ஏற்றிச்செல்வதும் சட்டக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டவை. ஆகவே, ஒரு பலகை பாழானால் மற்றொன்று எளிதிற் கிடைக்காது. அப்பலகையைக் காப்பது எது? வாள் அலகின் இறுக்கமே.

வளைகோடுகளை அறுக்க உதவும் சிறு மின்பொறியை ஸ்க்ரோல் வாள் என்பர். அதன் அலகு ஏறத்தாழ 5 அங்குல நீளமுடையது, மிக மெல்லியது. மேலும் கீழுமுள்ள இரு கவ்விகள் அதனைப் பற்றியிருக்கும். தானாக நிமிர்ந்து நிற்கும் வலிமை அதற்கு மிகச் சிறிது. இழுத்துக் கட்டிய விசையே அதனை நேராக நிறுத்துகிறது.

இறுக்கம் குறைந்தால் மரத்தின் அழுத்தத்திற்கு அலகு பின்னோக்கி வளையும், பக்கமாகவும் விலகும். மேலே கோட்டின்மீது செல்வதாகத் தோன்றும் வெட்டு, பலகையின் நடுவே புடைத்துச் சாயும். இக்குறை வேலை முடிந்த பின்னரே கண்ணுக்குப் புலனாகும். இறுக்கம் மிகுந்தாலோ அலகு விரைவில் முறியும். பெரும்பாலும் கவ்வியின் அருகிலேயே முறியும். பலர் அப்போது இரும்பின் தரத்தைப் பழிப்பர். தம் கையைப் பழிப்பதில்லை.

சரியான அளவை அறிவது எங்ஙனம்? முதலில் மின்னிணைப்பைக் கழற்றுதல் வேண்டும். பின்னர் அலகின் நடுவை விரலால் மிதமாகப் பக்கவாட்டில் தள்ளுக. விலகல் ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. இழுவிசை இருமடங்கானால், அதே அழுத்தத்திற்கு விலகல் ஏறக்குறையப் பாதியாகும்.

இரண்டாவது சோதனை செவிக்குரியது. அலகின் பின்புறத்தை வீணைத் தந்திபோல் மெல்ல மீட்டுக. மந்தமாக ஒலித்தால் தளர்வு. தெளிந்த நாதம் எழுந்தால் தகுந்த இறுக்கம். தந்தியின் இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வு இருமடங்காகும் என்பதை, 1636 இல் பிரான்சிய அறிஞர் மெர்சென் வெளியிட்டார். வீணைக்குப் பொருந்தும் அவ்விதி வாளுக்கும் பொருந்தும். ஆயினும், எல்லா அலகிற்கும் ஒரே நாதம் இல்லை. அகன்ற அலகு மிகுந்த இறுக்கத்தைத் தாங்கும். மெல்லியது குறைந்ததையே தாங்கும்.

புதிய அலகு சிறிது நேரம் ஓடியதும் சூடேறி நீளும். ஆகலின் பொறியை நிறுத்தி, மீண்டும் மீட்டிப் பார்த்தல் நன்று. வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்திவிடுதல் அலகிற்கும் பொறிக்கும் நலம்.

இச்சோதனைக்குச் செல்லும் நேரம் அரை நிமிடமே. முதிரை ஒன்று முற்றிப் பலகையாவதற்கோ பல பத்தாண்டுகள் வேண்டும்.