ஆளுக்கேற்ற சைக்கிள்

சோழர் கல்வெட்டில் மாநக்கவாரம் எனப்பட்ட நிக்கோபார்த் தீவுகளுள் வடகோடியில் உள்ளது கார் நிக்கோபார். பரப்பு ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர். பவளப் பாறையின்மீது அமைந்த, பெரும்பாலும் சமமான நிலம். மூஸ், மலாக்கா, பெர்க்கா, கின்யூக்கா முதலிய ஊர்களுக்கிடையே சைக்கிளில் செல்வது அங்கு எளிது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவைச் சூறையாடியபோது மரமொன்றைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த சிறுமி டெபோரா ஹெரால்ட், பின்னாளில் இந்தியாவின் முன்னணிச் சைக்கிள் வீராங்கனையானார். 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஏகல் நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற எசோவ் ஆல்பனும் நிக்கோபாரைச் சேர்ந்தவரே. உலகச் சைக்கிள் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதற் பதக்கம் அது. மறு ஆண்டு பிராங்பர்ட் ஆன் டெர் ஓடரில், குழு விரைவோட்டத்தில் தங்கம் வென்ற மூவருள்ளும் அவர் ஒருவர்.

இவர்களைக் கண்டு ஊக்கமுறும் மாணவனுக்கு எத்தகைய சைக்கிள் வாங்கித் தரலாம் என்று ஆசிரியரிடம் கேட்டால், 'எடை குறைந்ததாக இருக்கட்டும்' என்பதே பெரும்பாலும் முதல் விடையாக வரும். இவ்விடை பிழையன்று, ஆயினும் முறை மாறியது.

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், டயர் உருளுவதற்கான தடை சுமார் 4 நியூட்டன். காற்றின் தடையோ சுமார் 13 நியூட்டன். சைக்கிளின் எடையில் ஒரு கிலோகிராமைக் குறைத்தால் மிச்சமாவது 0.05 நியூட்டனே. முதுகைச் சற்றுத் தாழ்த்தி, முழங்கைகளை உள்ளடக்கி, காற்றை எதிர்க்கும் பரப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ 1.3 நியூட்டன் மிச்சமாகும். அதாவது முன்னதைப்போல் 26 மடங்கு. நூற்றுக்கு ஐந்து என்ற ஏற்றமுள்ள மலைச்சாலையில் ஒரு கிலோகிராமின் மதிப்பு அரை நியூட்டனாக உயர்வது உண்மை. அது நீலகிரிக்குப் பொருந்தும் கணக்கு. கார் நிக்கோபாருக்கு அன்று. முதுகைத் தாழ்த்தி ஒரு மணி நேரம் வலியின்றி ஓட்ட வேண்டுமாயின் சைக்கிள் உடலுக்கு இசைந்திருத்தல் வேண்டும். எனவே அளவே முதலில் கவனிக்கத்தக்கது.

அளவு எடுத்தல்

மாணவன் வெறுங்காலுடன் சுவரில் முதுகு ஒட்ட நிற்க வேண்டும். கால்களுக்கிடையே ஒரு கெட்டியட்டைப் புத்தகத்தை நிமிர்த்தி, சீட்டில் அமர்ந்தாற்போல் அழுந்தும்படி மேலே தூக்கி, அதன் மேல்விளிம்புக்குத் தரையிலிருந்துள்ள உயரத்தைக் குறிக்க வேண்டும். இதுவே உட்கால் அளவு. 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள், கீழ்நிலையிலுள்ள பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இவ்வளவில் 109 சதவீதம் இருப்பது நன்று என்று கண்டனர். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பரப்பிய மற்றொரு முறையில், கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையுள்ள தூரம் உட்கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால் வரும். உட்கால் 74 செ.மீ. உள்ள மாணவனுக்கு, 165 மி.மீ. கிராங்க் பூட்டிய சைக்கிளில், முதல் முறை 64.2 செ.மீ. என்றும், இரண்டாவது 65.3 செ.மீ. என்றும் கூறும். ஆக, சூத்திரம் ஒரு தொடக்கமேயாகும். தாழ்ந்த அளவில் தொடங்கி, பெடல் அடியில் நிற்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். பின்னாலிருந்து நோக்குகையில் இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரம் மிகுதி என்று அறிக. முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு; பின்புறம் வலித்தால் உயர்வு. வலியுடன் ஓட்டினால் பழகிவிடும் என்று மாணவனுக்குச் சொல்வது தீங்கு விளைக்கும்.

கிராங்கின் நீளத்தைப் பற்றி வீண் கவலை வேண்டியதில்லை. 2001-இல் வெளியான மார்ட்டின், ஸ்பிர்டுசோ ஆய்வில் 120 முதல் 220 மி.மீ. வரையிலான கிராங்குகள் சோதிக்கப்பட்டன. இரு கோடிகளிலும் உச்ச ஆற்றல் குறைந்தது சுமார் 4 சதவீதமே. ஆகவே உயரம் குறைந்தவர் குட்டைக் கிராங்கைத் தயங்காது தேர்ந்து கொள்ளலாம். முழங்கால் மேலே வந்து வயிற்றை இடிப்பது குறையும்.

சீட்டை உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஆனால் பிரேமின் நீளம் மாறாது. ஹேண்டில் பார் எட்டவில்லையென்று சீட்டை முன்னே தள்ளினால் கால்களின் நிலை கெடும். ஹேண்டில் பாரைத் தாங்கும் தண்டினைக் குட்டையாக்கினால் ஓரிரு சென்டிமீட்டர் கிடைக்கலாம். அதற்குமேல் வேண்டுமெனில் பிரேமே தவறு. தனியாளுக்கென்று பிரேம் செய்விப்பதன் பயன் இங்கேதான் உள்ளது. ஆயினும் வளரும் பிள்ளைக்கு அவ்வாறு செய்விப்பது வீண் செலவு. வளர்ச்சி நிற்கும்வரை, பொருத்தமான சிறு பிரேமை வாங்கித் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.

எடையும் உப்பும்

செய்விக்கும் காலம் வரும்போது எந்த உலோகம் என்ற கேள்வி எழும். எஃகின் அடர்த்தி 7.85, டைட்டேனியம் 4.5, அலுமினியம் 2.7. ஆனால் விறைப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைவதால், இலேசான உலோகத்தில் குழாயைப் பருமனாக்கியே ஈடுசெய்ய வேண்டும். எஃகுக் குழாயிலும் எடை குறைக்க வழியுண்டு. இணைப்புகளில் விசை மிகுதியாதலால் முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் குழாயை இழுக்கும் முறைக்கு இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் 1897-இலேயே காப்புரிமை பெற்றனர். 1935-இல் அவர்கள் வெளியிட்ட '531' என்னும் மாங்கனீசு-மாலிப்டினம் எஃகு பல பத்தாண்டுகள் பந்தயச் சாலைகளை ஆண்டது. இத்தகைய மெல்லிய குழாய்களைப் பித்தளையோ வெள்ளிக் கலவையோ கொண்டு பற்றவைப்பர். வெள்ளிக் கலவை குறைந்த வெப்பத்தில் உருகுவதால் குழாயின் வலிமை கெடுவது குறைவு. உலகச் சைக்கிள் கூட்டமைப்பு 2000 முதல் பந்தயச் சைக்கிளின் எடை 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என விதித்துள்ளது. நல்ல எஃகுச் சைக்கிள் 8 அல்லது 9 கிலோகிராம் இருந்தால் மாணவனுக்குக் குறையொன்றுமில்லை.

தீவில் எடையைவிடப் பெரிய பகை கடற்காற்றின் உப்பு. எஃகுக் குழாயின் உட்புறம் எண்ணெய் அல்லது மெழுகு பூசப்பெற வேண்டும். கிராங்க் கூட்டின் அடியில் நீர் வடியச் சிறு துளை இருத்தல் நலம். ஸ்போக்ஸ் கம்பிகள் துருப்பிடியா எஃகாக இருக்கட்டும். இவற்றினும் முக்கியமானது சீட்டைத் தாங்கும் தண்டு. அலுமினியத் தண்டு எஃகுக் குழாயினுள் உப்பு ஈரத்தோடு சேரும்போது இரண்டும் மின்கலம்போல் வினைபுரிந்து, அலுமினியம் அரிக்கப்பட்டுப் பூத்து, குழாயோடு இறுகிவிடும். பிறகு சுத்தியலுக்கும் அசையாது. ஒரே ஆண்டில் சில சென்டிமீட்டர் வளர்ந்துவிட்ட பிள்ளை, சென்ற ஆண்டின் உயரத்திலேயே மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ள நேரும்.

கப்பலிலோ விமானத்திலோ வரவேண்டிய பொருளுக்கு அளவு தவறினால் திருத்தம் எளிதன்று. ஆதலின் உட்கால், கை நீளம், உடல் நீளம், தோள் அகலம் ஆகியவற்றை வெவ்வேறு நாட்களில் இருமுறை எடுத்து, ஒத்துப் பார்த்த பின்னரே அனுப்புதல் வேண்டும். சைக்கிள் வந்தபின், மாதம் ஒருமுறை சீட்டுத் தண்டைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டலாம். கழற்றுமுன் பழைய உயரத்தில் ஒரு நாடாத் துண்டை ஒட்டிக்கொள்க. தண்டின்மேல் ஆணியால் கீறினால் அவ்விடத்திலேயே அரிப்பு தொடங்கக்கூடும்.