அரசு டெண்டரில் ஸ்டார்ட்அப் நிறுவனங்கள்: வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே கலந்து கொள்ளலாம்

அரசு அலுவலகங்கள் நாற்காலி முதல் சாப்ட்வேர் வரை பல பொருட்களை இப்போது இன்டர்நெட் வழியாகத்தான் வாங்குகின்றன. ஆனாலும் "டெண்டர் எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான், நமக்கு எங்கே கிடைக்கும்?" என்ற எண்ணம் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களிடம் இன்னும் இருக்கிறது. நான் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில், என்னுடன் இன்ஜினியரிங் படித்த நண்பர்களின் சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் பைல்களைத் தயார் செய்து தருகிறேன். அதில் நான் தெரிந்து கொண்டது இதுதான். சலுகைகள் விதியிலேயே இருக்கின்றன. ஆனால் கேட்பவருக்கும், அதற்கான சான்றிதழை இணைப்பவருக்கும்தான் அவை கிடைக்கும். நீங்கள் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவராக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யலாம். வீட்டில் யாராவது சிறு நிறுவனம் நடத்தினால் அவர்களுக்கும் உதவலாம்.

முதலில் அங்கீகாரம்

ஸ்டார்ட்அப் இந்தியா திட்டம் 2016 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதன் வெப்சைட்டில் விண்ணப்பித்து மத்திய அரசின் அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி, பதிவு செய்த கூட்டு நிறுவனம், எல்.எல்.பி. ஆகியவை விண்ணப்பிக்கலாம். நிறுவனம் தொடங்கி 10 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், எந்த ஆண்டிலும் விற்பனை 100 கோடி ரூபாயைத் தாண்டியிருக்கக் கூடாது என்று 2019 பிப்ரவரி அறிவிப்பு வரையறுத்தது. விண்ணப்பிக்கும் முன் அன்றைய வரம்பு என்ன என்பதை அதே வெப்சைட்டில் பார்த்துக் கொள்ளவும்.

அடுத்தது உத்யம் பதிவு. இது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் பணம் வாங்கிக் கொண்டு பதிவு செய்து தரும் தனியார் வெப்சைட்டுகள், அரசு வெப்சைட் போலவே தோற்றம் அளிக்கும். முகவரியின் முடிவில் "ஜி.ஓ.வி. டாட் இன்" என்று இருக்கிறதா எனப் பார்த்த பிறகே ஆதார் எண்ணை டைப் செய்திடவும்.

என்ன சலுகை?

டெண்டரில் கலந்து கொள்பவர் இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளின்படி இது வழக்கமாக மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். 20 லட்ச ரூபாய் டெண்டர் என்றால் 40 ஆயிரம் முதல் 1 லட்சம் வரை. நான்கு பேர் நடத்தும் நிறுவனத்திற்கு இது ஒரு மாதச் சம்பளமாகக் கூட இருக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு விதி 170 இதிலிருந்து விலக்கு தருகிறது.

இன்னொரு தடை முன் அனுபவம். "மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கு காட்டு" என்றால் போன வருடம் தொடங்கிய நிறுவனம் எங்கே போகும்? தரமும் தொழில்நுட்பத் தேவைகளும் நிறைவேறினால், இந்த நிபந்தனையை ஸ்டார்ட்அப்களுக்குத் தளர்த்தலாம் என்கிறது விதி 173. "தளர்த்தலாம்" என்ற சொல்லைக் கவனிக்கவும். தளர்த்தியே ஆக வேண்டும் என்று இல்லை. எனவே கேட்க வேண்டும்.

எங்கே கேட்பது? பல டெண்டர்களில் கடைசித் தேதிக்கு முன்பு சந்தேகங்களைக் கேட்க ஒரு கூட்டம் நடக்கும், அல்லது கேள்விகளை எழுதி அனுப்ப ஒரு தேதி இருக்கும். என் நண்பனின் நிறுவனம் மின் உபயோகத்தை அளந்து மொபைலில் காட்டும் கருவியைச் செய்கிறது. தொடங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது. மத்திய அரசு நிறுவனம் ஒன்று மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கு கேட்டது. விதி எண்ணைக் குறிப்பிட்டு, சான்றிதழை இணைத்து, நான்கே வரியில் கடிதம் அனுப்பினோம். ஒரு வாரத்தில் திருத்த அறிவிப்பு வந்தது. நிபந்தனை தளர்த்தப்பட்டது, கருவியைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது மட்டும் அப்படியே இருந்தது. சோதனையில் தேறினார்கள். விலையில் இரண்டாவது இடம்தான் கிடைத்தது, ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. ஆனால் கடிதம் அனுப்பாமல் இருந்தால் விலைக் கவரையே திறந்திருக்க மாட்டார்கள். வேறொரு அலுவலகம் இதே கேள்விக்கு "தளர்த்த இயலாது" என்று பதில் அனுப்பியது. அதுவும் நல்லதுதான், அந்த டெண்டரில் வீணாக நேரம் செலவாகவில்லை.

மேற்சொன்ன விதிகள் மத்திய அரசுக்கு உரியவை. தமிழக அரசுத் துறைகளின் டெண்டர்களுக்கு 1998ல் வந்த தனிச் சட்டம் உள்ளது. எனவே ஒவ்வொரு டெண்டரின் நிபந்தனைகளையும் முழுவதும் படித்திடவும்.

ஜெம்: அரசின் ஆன்லைன் கடை

2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஜெம் வெப்சைட், அரசு அலுவலகங்கள் வாங்கும் ஆன்லைன் கடை போன்றது. உங்கள் பொருளைப் படம், விவரம், விலையுடன் பதிவு செய்து வைக்கலாம். சிறிய தொகை என்றால் அலுவலகம் நேரடியாக வாங்கலாம், பெரிய தொகை என்றால் போட்டி விலை கேட்கும். புதுமையான பொருட்களுக்காக ஸ்டார்ட்அப் ரன்வே என்ற பகுதியும் உண்டு.

டிஜிட்டல் கையெழுத்து

மற்ற அரசு டெண்டர் வெப்சைட்டுகள் பலவற்றில் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் தேவை. பென் டிரைவ் போன்ற யு.எஸ்.பி. டோக்கனில் இது வரும். கிளாஸ் 2 சான்றிதழ் வழங்குவது 2021 ஜனவரியோடு நின்றுவிட்டது, எனவே கிளாஸ் 3 வாங்கிடவும். காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கவும். டோக்கனையும் பாஸ்வேர்டையும் மற்றவர் கையில் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையெழுத்துக்குச் சமம்.

பைல் அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை

* விலைப்பட்டியலுக்கான எக்ஸெல் பைலை டவுன்லோடு செய்து, அனுமதித்த கட்டங்களில் மட்டும் டைப் செய்திடவும். பைலின் பெயரை மாற்றினால் வெப்சைட் ஏற்காது.

* தொழில்நுட்பக் கவரில் விலையை எங்கும் எழுத வேண்டாம். அதற்காகவே விண்ணப்பம் தள்ளுபடி ஆகும்.

* சான்றிதழ்களைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து பி.டி.எப். ஆக்கினால் பைல் அளவு குறையும்.

* எல்லாம் ஏற்றிய பிறகு "பிரீஸ் பிட்" பட்டன் இருந்தால் கிளிக் செய்திடவும். இல்லையேல் விண்ணப்பம் போய்ச் சேராது. ஒப்புகை ரசீதை பிரிண்ட் எடுத்து வைக்கவும்.

* கடைசி நேரத்தை வெப்சைட்டின் கடிகாரம்தான் முடிவு செய்யும். ஒரு நாள் முன்பே முடித்திடுங்கள்.

கண்டுபிடிப்புகளுக்கு ஒரு வழி

சந்தையில் இல்லாத ஒன்றைச் செய்பவர்களுக்கு ஐடெக்ஸ் திட்டம் உள்ளது. 2018 ஏப்ரலில் சென்னை அருகே நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில் இது தொடங்கப்பட்டது. இதில் பாதுகாப்புத் துறை "இந்தப் பொருள் வேண்டும்" என்று சொல்வதற்குப் பதிலாக, "இந்தப் பிரச்னைக்குத் தீர்வு வேண்டும்" என்று அறிவிக்கும். தேர்வாகும் நிறுவனத்திற்கு மாதிரி செய்ய மானியம் உண்டு. நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும்.

பணம் தாமதமானால்?

சிறு நிறுவனங்களை முடக்குவது பல நேரம் தோற்ற டெண்டர் அல்ல, ஜெயித்த பிறகு வராத பணம். 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். மாநிலத்தில் உள்ள பெசிலிடேஷன் கவுன்சிலில் முறையிடலாம். இதற்கு ஆர்டர் வாங்கும் முன்பே உத்யம் பதிவு செய்து வைப்பது நல்லது, பொருளைப் பெற்றுக் கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் கையில் இருக்க வேண்டும்.

எனவே இன்றே உங்கள் கம்ப்யூட்டரில் "டெண்டர்" என்று ஒரு போல்டர் உருவாக்கிடவும். அதில் ஸ்டார்ட்அப் சான்றிதழ், உத்யம் சான்றிதழ், பான், ஜி.எஸ்.டி., வங்கி விவரம் ஆகிய ஐந்து பைல்களை முதலில் சேமித்திடவும். பென் டிரைவில் ஒரு காப்பியும் எடுத்துக் கொள்ளவும். அடுத்த டெண்டர் அறிவிப்பு வரும்போது சான்றிதழ் தேடி அலையாமல், நிபந்தனைகளைப் படிப்பதற்கு நேரம் கிடைக்கும்.