தோல் தைத்த கடவுள்: படைப்புக் கதையும் சாதியும்



செஞ்சிக் கோட்டை என்றதும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று மலைகளைச் சொல்வார்கள். நான்காவதாக ஒரு சிறு குன்றும் இங்கே உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். சமார் டிக்ரி என்றும் சொல்வதுண்டு. இரண்டுமே தோல்தொழில் செய்த மக்கள்மேல் சுமத்தப்பட்ட சாதிப் பெயர்கள். குதிரைக்குச் சேணம், படைவீரனுக்குச் செருப்பு, தண்ணீர் இறைக்கத் தோல் சால் என இந்த உழைப்பு இல்லாமல் எந்தக் கோட்டையும் நின்றதில்லை. ஆனாலும் அந்த உழைப்பைத் தீட்டு என்றார்கள். இந்தக் குன்றை மனதில் வைத்துக்கொண்டு விவிலியத்தின் படைப்புக் கதையைப் படிப்போம்.

ஆதியாகமத்தில் படைப்புக் கதைகள் இரண்டு. முதல் அதிகாரத்தில் கடவுள் ஆறு நாளில் சொல்லால் உலகை ஆக்கி, ஏழாம் நாள் ஓய்கிறார். பாபிலோன் சிறையிருப்பை ஒட்டிய காலத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டு வாக்கில் இது வடிவம் பெற்றது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பாபிலோனியரின் ‘எனுமா எலிஷ்’ காவியத்தில் தேவர்களின் வேலைப் பளுவைச் சுமப்பதற்காகவே மனிதர் படைக்கப்படுகிறார்கள். அக்காலத்து எகிப்திலும் மெசபடோமியாவிலும் கடவுளின் சாயல் என்பது அரசனுக்குரிய பட்டம். நாடிழந்து கிடந்த ஒரு மக்கள்கூட்டம் அந்தப் பட்டத்தை ஆண், பெண் எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஏழாம் நாள் ஓய்வையும் யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் அடிமைக்கும் மாட்டுக்கும் சேர்த்தே சட்டமாக்குகிறது.

இரண்டாம் கதையில் கடவுள் கையால் வேலை செய்கிறார். மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்குகிறார். அங்குள்ள எபிரேயச் சொல் குயவர் தொழிலுக்கும் உரியது. தோட்டம் போடுகிறார். மூன்றாம் அதிகாரம் 21ஆம் வசனத்தில், குற்றம் செய்து நாணி நிற்கும் இருவருக்கும் தோலால் உடை செய்து உடுத்துகிறார். தீட்டு என்று நம்மீது சுமத்திய தொழிலைக் கடவுளே செய்கிறார் என்பதை எத்தனை பிரசங்க மேடைகள் சொல்லியிருக்கின்றன?

இனி ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்துப் புருஷ சூக்தத்தைப் பாருங்கள். அங்கே வாய் பிராமணனாகிறது, காலிலிருந்து சூத்திரன் பிறக்கிறான். அவர்ணருக்கு ஓர் உறுப்புகூட இல்லை. 1946இல் வெளியான ‘சூத்திரர்கள் யார்?’ நூலில் அம்பேத்கர் இதை விரிவாக விசாரணை செய்தார். உலகம் எப்படி உண்டானது என்பதை அறிவியல் சொல்லட்டும். மனிதருக்குள் பிறப்பால் ஏற்றத்தாழ்வு உண்டா என்பதே படைப்புக் கதைகள் பதில் சொல்லும் கேள்வி. கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் இதற்கு ‘இல்லை’ என்கிறது. பாவம் மனிதர் செய்வது. எந்தச் சாதிக்கும் அது பிறப்பால் வருவதல்ல. சிதைந்த கடவுள் சாயலை ஞானஸ்நானம் எல்லாருக்கும் ஒன்றுபோலப் புதுப்பிக்கிறது என்பது திருச்சபையின் போதனை.

ஆனால் வேதநூல் தானாக விடுதலை தந்துவிடாது. அதே ஆதியாகமத்தின் 9ஆம் அதிகாரத்தைக் காட்டித்தான் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தை நியாயப்படுத்தினார்கள். இங்கே, அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், 2008 மார்ச்சில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரின் வீடுகளைச் சக கத்தோலிக்கரே தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்க சாதித் தரப்பில் இருவர் இறந்தனர்.

அரசின் கையும் சுத்தமில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை மதத்தை நிபந்தனையாக்கியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை, பட்டியல் சாதியினருக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் பின்தங்கிய நிலை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கப்படவில்லை எனச் சொல்லி 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. தோல் தைத்த கடவுளை நம்பிய தோல் தொழிலாளிக்கு ஒரு பெட்டிக்கடை கிடைக்கவில்லை.

இறையியல் படிக்கும் மாணவர்கள் அந்த 21ஆம் வசனத்தைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுபோகட்டும். செயல்பாட்டாளர்கள் தத்தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். திருச்சி மேலப்புதூரில் தலித் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவர் போராட்டத்துக்கு இலக்கானது. எல்லாரையும் ஒரே மண்ணால் செய்தார் என்று அறிக்கையிடும் சபை, அதே மண்ணுக்குத் திரும்பும்போது சுவர் வைத்திருந்தால், அந்தச் சுவரைப் பற்றி ஆயரிடமும் பங்குப் பேரவையிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.