முதலெழுத்தும் நினைவும்

முல்லைத்தீவுக் கரையில் கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும் அயலூர்கள். ஒன்றைச் சொன்னவுடன் மற்றதும் நாவில் வந்து நிற்கும். இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. இவ்வொற்றுமையைத் தமிழர் மோனை என்பர்.

அமெரிக்கச் சித்திரக்கதை வீரர் பலருக்கும் இம்முறையிலேயே பெயர் அமைந்தது. 1961இல் றீட் றிச்சட்ஸ் தோன்றினார். 1962இல் சிலந்தி மனிதராகும் பீற்றர் பார்க்கரும், சினத்தாற் பேருருக் கொள்ளும் புரூஸ் பானரும் தோன்றினர். இவர்களைப் படைத்தோருள் ஒருவரான ஸ்ரான் லீ, தமக்கு நினைவாற்றல் குறைவென்றும், முதலெழுத்து ஒன்றாயின் பெயரின் ஒரு பாதி மறு பாதியை நினைவூட்டும் என்றும் காரணங் கூறினார். ஆயினும் 1964இல் புரூஸ் பானர், 'பொப் பானர்' எனக் கதையில் இடம்பெற்றுவிட்டார். பெயர் தவறியது, ஆங்கில முதலெழுத்துத் தவறவில்லை. பொப் என்பது றொபேட் என்பதன் சுருக்கம். ஆகவே, றொபேட் புரூஸ் பானர் என்பதே அவ்வீரரின் முழுப்பெயராயிற்று.

ஆங்கிலத்துக்கு மெய்யொலி ஒன்றுபட்டாற் போதும். தமிழ் மோனைக்கோ உயிரும் இனமாதல் வேண்டும். றீ, றி இணையும். பீ, பா இணையா. அவ்வாறே, அருகிலுள்ள கருநாட்டுக்கேணி கொக்கிளாய்க்கு மோனையாகாது.

1984இல் இவ்வூர்களின் மக்கள் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் பிறவிடங்களில் வாழ்ந்தனர். ஊரைக் காணாது வளர்ந்த பிள்ளையும் எளிதில் மனத்திற் கொள்ளத்தக்க இணைப்பெயர்கள் கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும்.