உயரம் எங்கே தொடங்குகிறது?

சென்னை அண்ணா சாலையில் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகக் கட்டடம் 177 அடி உயரமுடையது. அக்காலத்தில் இந்தியாவிலேயே மிக உயரமான கட்டடமாக அது விளங்கியது. துபாயின் புர்ஜ் கலீபாவோ 828 மீட்டர் உயரம் கொண்டது. இதழ்கள் இவ்விரண்டையும் ‘வானளாவிய கட்டடம்’ என்றே எழுதும். கட்டட விதிகளை வகுப்போர்க்கு வானம் ஓர் அளவுகோல் அன்று. எத்தனை மீட்டரைக் கடந்தால் ஒரு கட்டடம் ‘உயரடுக்குக் கட்டடம்’ ஆகும் என்பதை அவர்கள் வரையறுத்தாக வேண்டும்.

அவ்வரையறை ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவற்றை உயரடுக்குக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டியவற்றை அவ்வாறு கொள்கின்றன. இது 60 அடிக்கு நிகரான அளவாகும். ஜெர்மனியில் எல்லை 22 மீட்டர். நியூயார்க்கில் 75 அடி, அதாவது ஏறத்தாழ 23 மீட்டர்.

எண் மட்டுமன்று, அளக்கும் முறையும் வேறு. நாம் கட்டடத்தின் உயரத்தை அளக்கிறோம். ஜெர்மனியிலும் நியூயார்க்கிலும் மக்கள் புழங்கும் மேல்தளத்தின் தரை எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று பார்க்கின்றனர். ஆகவே, ஆறு தளங்களுடன் 20 மீட்டர் உயர்ந்து நிற்கும் குடியிருப்பு சென்னையில் உயரடுக்குக் கட்டடம், பெர்லினில் அன்று.

இவ்வெல்லைகள் மனம்போன போக்கில் வகுக்கப்பட்டவை அல்ல. ஜெர்மனியில் பெரிதும் வழங்கும் தீயணைப்பு ஏணி ஊர்தி, 12 மீட்டர் தள்ளி நின்று 23 மீட்டர் உயரம் வரை எட்டும். அங்குள்ள எல்லைக்குக் காரணம் இதுவே. ஏணி எட்டும் வரை சாளரத்தின் வழியே ஒருவரை மீட்கலாம். அதற்கு மேலே கட்டடம் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். புகை புகாத படிக்கட்டு, மேல்தளம் வரை செல்லும் தீயணைப்பு நீர்க்குழாய், மின்தடையிலும் இயங்கும் மின்தூக்கி முதலியன அப்போது தேவையாகின்றன. இந்திய விதித்தொகுப்பு 24 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில், தீ நேரும்போது மக்கள் ஒதுங்கி நிற்கத் தனி இடமும் வேண்டும் என்கிறது. (அவ்விடத்தைப் பழைய பொருள்கள் போடும் கிடங்காக்குவோரும் உண்டு!) இவற்றுக்கெல்லாம் பணம் செலவாகும். எல்லைக்குச் சற்றுக் கீழே பல கட்டடங்கள் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

பெயரளவில் உயரடுக்குக் கட்டடமாக இருப்பது மட்டும் போதாது என்பதை இலண்டன் கண்டது. அங்கிருந்த கிரென்பெல் கோபுரம் 24 தளங்களும் 67 மீட்டர் உயரமும் கொண்டிருந்தது. 2017 ஜூன் 14 அன்று அதன் நான்காம் தளச் சமையலறையில், குளிர்பதனப் பெட்டி ஒன்றில் தீப்பற்றியது. புறச்சுவரில் பொருத்தியிருந்த, எளிதில் எரியும் பலகைகளின் வழியே தீ உச்சி வரை பரவியது. இறங்குவதற்கு இருந்ததோ ஒரே படிக்கட்டு. வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு முதலில் அறிவுறுத்தப்பட்டனர். 72 பேர் உயிரிழந்தனர்.

அதன்பின் 2022இல் இயற்றப்பட்ட சட்டம், 18 மீட்டர் உயரமோ ஏழு தளங்களோ கொண்ட குடியிருப்புகளை ‘மிகு இடர்க் கட்டடங்கள்’ என வகைப்படுத்தியது. அவை பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்போர் யாவர் என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும். 18 மீட்டருக்கு மேல் புதிதாக எழுப்பப்படும் குடியிருப்புகளுக்கு இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என்னும் விதிக்கு 2026 செப்டம்பர் இறுதி குறிக்கப்பட்டது.