தண்ணீர்ப் பந்தலும் நனிசைவமும்

'நனிசைவம்' என்று வகுப்பில் சொன்னால், "நாங்க வெள்ளிக்கிழமை சாப்பிடுற சைவம்தானே, டீச்சர்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அது வேறு. நம் சைவச் சாப்பாட்டில் பால், தயிர், நெய் எல்லாம் உண்டு. நனிசைவத்தில் விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லை; தேன்கூட இல்லை. 'வீகன்' என்ற ஆங்கிலச் சொல் 1944-இல் இங்கிலாந்தில் உருவானது. அதைத் தமிழில் நனிசைவம் என்கிறோம்.

இந்தக் கொள்கையைப் பரப்ப நனிசைவர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, சமைத்துப் பகிர்வது. வாக்குவாதம் கிடையாது. சாப்பிட்டவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதா என்ன? தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழி நெடுகப் பந்தல்கள்தாம். "வாங்க, பசியாறிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறவர் வந்தவரின் இனத்தையோ சமயத்தையோ கேட்பதில்லை. ஒன்பது பேரரசர் விழாவில் மஞ்சள் கொடி கட்டிய சீனர் சைவக் கடைகளையும் மாணவர்கள் பார்த்திருப்பார்கள்.

நம் பந்தல் சாப்பாட்டில் பாதி ஏற்கெனவே நனிசைவம்தான்: புளிசாதம், சுண்டல், எலுமிச்சைச் சாறு. மாற்ற வேண்டியவை மோர், பால் பாயசம், நெய்க் கேசரி. கேசரியை எண்ணெயில் கிளறலாம், பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். தேர் வரும் பாதையில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிற ஊரில் அதற்கா பஞ்சம்! மோருக்குப் பதிலாகப் பானகம் தரலாம், ஆனால் அந்தப் புளிப்பு வராது.

இங்கே வள்ளலாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, சோறும் போடுகிறார்கள். கொலையையும் புலாலையும் அவர் கடுமையாக மறுத்தவர். புலால் உண்பவரைப் 'புறவினத்தார்' என்றே பிரித்தார். ஆனாலும் பசி என்று வந்தால் அவர்களுக்கும் சோறிடச் சொன்னார். வள்ளலார் வழி நனிசைவம் அல்ல, பாலை அவர் விலக்கவில்லை. கொள்கையில் கண்டிப்பு, இலை போடுவதில் பாகுபாடு இல்லை என்பதைத்தான் அவரிடம் கவனிக்க வேண்டும்.

அதனால் பால்குடம் எடுத்து வருகிறவரைப் பந்தலில் நிறுத்தி, பாலைப் பற்றி வாதம் செய்வது சரியில்லை என்பது என் கருத்து. நேர்த்திக்கடன் அவருடையது. கையில் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் பாயசம் கொடுத்தால் போதும். "எதுல செஞ்சீங்க?" என்று அவரே கேட்டால், அப்போது சொல்லலாம்.

வகுப்பில் செய்ய: பந்தலில் சாப்பிட்டவற்றை மாணவர்கள் பட்டியலிடட்டும். பால், நெய் சேர்ந்தவற்றை வட்டமிட்டு, மாற்றாக என்ன சேர்க்கலாம் என்று வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரட்டும். ரசத்தை விட்டுவிட வேண்டாம். நெய்யில் தாளிப்பதா எண்ணெயிலா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.